கழிக்காத ஒன்பது ஜன்னல்

செண்பகவல்லி மேடத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, என் தீர்ப்பில் தோற்றுப்போய் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பாளையங்கோட்டையில் எங்கள் கட்டடத் தொழில் சங்கத்துக்கு அவர்தான் நடுவர். வீட்டுக்காரருக்கும் காண்ட்ராக்டருக்கும் பணத்தகராறு வந்தால் அளந்து பார்த்துத் தீர்ப்பு சொல்வார். பிடிக்காதவர்கள் சங்கத்தின் மேல்குழுவுக்குப் போகலாம். ஐம்பது வயதுக்கு மேல் கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நான் அவரிடம் அந்த வேலையைக் கற்றுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் கேட்டேன். "நம்ம கையில லத்தியும் இல்ல, ஜெயிலும் இல்ல. தோத்தவன் கொடுக்கமாட்டேன்னா என்ன மேடம் செய்றது?"

"பாப்போம்" என்றார்.

அந்த மாதம் அவர் வீட்டிலேயே தகராறு. பூச்சு வேலை செய்த லூர்துசாமி, ஒன்பது ஜன்னலின் பரப்பையும் கழிக்காமல் முழுச் சுவருக்கும் கூலி கேட்டான். மேடம் கழிக்கச் சொன்னார். பதினோராயிரம் ரூபாய் நடுவில் நின்றது.

"நம்ம அண்ணாச்சியே தீர்ப்பு சொல்லட்டும்" என்றார், என்னைக் காட்டி.

"உங்க சிஷ்யரையே நடுவரா வச்சா நான் எங்க போய் முட்டிக்கிட?" என்றான் லூர்து.

"அவரு கொத்தனாருய்யா. உன் கூட்டம்."

அளந்தேன். சனிக்கிழமை மத்தியானம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஜன்னலைச் சுற்றி உள்பக்கம் பூசுகிற வேலை அதற்குச் சரியாகப் போகும், கழிக்க வேண்டாம். நாங்கள் காலங்காலமாக அப்படித்தான் அளப்போம்.

மேடம் படித்தார். "ஒப்பந்தத்துல நாலாவது வரியப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. ஜன்னலைக் கழிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

"நடுவரா போயி, கொத்தனாரா அளந்துட்டு வந்திருக்கீங்க அண்ணாச்சி!" சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

தாளுக்குக் கை நீட்டினேன். "கொடுங்க மேடம், மாத்தி எழுதிடுதேன்."

அவர் தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். உள்ளே போய்ப் பணத்தோடு வந்தார்.

வாசலில் லூர்துவின் ஆட்கள் ஆறு பேர் வாரக்கூலிக்கு நின்றார்கள். போன வாரமே பாக்கி. இன்றும் இல்லையென்றால் திங்களன்று வேறு இடத்துக்குப் போய்விடுவோம் என்று சொல்லியிருந்தார்கள்.

பணம் கைமாறியதைப் பார்த்து ஒரு சித்தாள் பெண் விசிலடித்தாள்.

"ரொம்ப ஆடாதீங்க" என்றார் மேடம். "மேல்குழுவுக்குப் போவேன். ஒவ்வொரு ஜன்னலா திருப்பி வாங்குவேன்."

"வாங்க மேடம், பாத்துக்கிடலாம்" என்றான் லூர்து, பல்லெல்லாம் தெரிய.

அவர்கள் போனதும் அங்கேயே உட்கார்ந்து மனு எழுதினார். என் தப்பை ரசித்து, இரண்டு பக்கத்துக்கு எழுதினார்.

"தப்புன்னு தெரிஞ்சும் ஏன் மேடம் கொடுத்தீங்க?"

அவர் பேனாவை மூடினார்.

"தப்பா சரியான்னு பேச எனக்கு எத்தனையோ நாள் கிடக்கு அண்ணாச்சி. அவங்களுக்குச் சனிக்கிழமை இன்னிக்குத்தான்."

செவ்வாய்க்கிழமை விடியலில், தூக்கத்திலேயே அவர் போய்விட்டார்.

மனு இன்னும் விசாரணைக்கு வராமல் சங்கத்து பீரோவில் இருக்கிறது.