புள்ளிக்கோழியின் கால் நகம்

ஒரு குளக்கரைக் காட்டில் செவலை, கரும்பி, புள்ளி என்று மூன்று கோழிகள் இருந்தன. முன்பெல்லாம் விடிந்ததும் மண்ணைக் கிளறி, பூச்சியும் விதையும் பொறுக்கித் தின்றவைதாம். ஒரு நரி வந்து அந்தப் பழக்கத்தைக் கெடுத்துவிட்டது.

நரி தினமும் காலையில் சோளக்கதிரைக் கவ்விக்கொண்டு வரும். புதர் ஓரம் போட்டுவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"எதுக்கு நரியண்ணே இவ்வளவு சிரமம்?" என்று கேட்டது செவலை.

"தங்கச்சிங்க கால் நோகக் கிளறுறதைப் பார்த்தா எனக்கு மனசு தாங்கலம்மா! எனக்கு ஒண்ணும் வேணாம். நீங்க சாப்பிட்டு நல்லா இருந்தா போதும்!"

நரிக்கு மனசு தாங்கலையாம்! கேட்ட கோழிகளுக்காவது புத்தி வேண்டாமா? மூன்றும் தின்றன, நிழலில் படுத்தன, எழுந்து மறுபடி தின்றன. கிளறாத கால்களில் நகம் நீண்டு வளைந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. நரி மட்டும் கவனித்துக்கொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில் புள்ளி முதல் முறையாக அடைக்கு உட்கார்ந்தது. ஒரு நாள் முட்டைகளைத் திருப்பிவிட எழுந்தபோது, அதன் வளைந்த நகம் குத்தி ஒரு முட்டை உடைந்துபோனது. உள்ளே குஞ்சு உருவாகத் தொடங்கியிருந்தது.

புள்ளிக்கு நெஞ்சே வெடித்துவிடும் போலிருந்தது. அழுது முடித்து, காலைத் தூக்கிப் பார்த்தது.

"ஐயோ, என் பிள்ளையை என் காலே கொன்னுடுச்சே! மீதி முட்டையாவது பிழைக்கணும்னா இந்த நகம் தேயணும். நகம் தேயணும்னா நான் கிளறணும். இனிமே அந்தச் சோளம் எனக்கு வேணாம்!"

"அடி கூமுட்டை! சும்மா வர்றதை யாராவது வேணாம்பாங்களா?" என்று சிரித்தது கரும்பி.

புள்ளி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. முட்டைகளைச் சருகால் மூடிவிட்டு இறங்கிக் கிளறத் தொடங்கியது. வெயிலில் காய்ந்த மண் பாறையாக இருந்தது. விரலில் ரத்தம் வந்தது. பூச்சி ஒன்றுகூட வரவில்லை. பட்டினியோடு திரும்பிவந்து அடையில் உட்கார்ந்தது. மறுநாளும் இறங்கியது.

பட்டுப்போன மரத்தடியில் ஈரச் சருகுக்குக் கீழே கரையான் மொய்ப்பதைப் பார்த்ததும் புள்ளிக்கு ஒரு யோசனை வந்தது. அப்படியே குளத்தில் கிடந்த எருமையிடம் ஓடியது.

"எருமையக்கா, எனக்குக் கொஞ்சம் சாணி வேணும்!"

"சாணியா? என்கிட்ட இதுவரைக்கும் யாருமே எதுவும் கேட்டதில்லையே! வண்டி வண்டியா எடுத்துக்கோ!" என்றது எருமை. அதற்கு அவ்வளவு சந்தோஷம்!

கரையில் ஒரு ஓட்டைப் பானை கிடந்தது. புள்ளி அதற்குள் சாணியும் சருகும் அடைத்தது. எருமை வாலை நனைத்து வந்து தண்ணீர் தெளித்தது. இரண்டுமாகச் சேர்ந்து பானையைத் தரையில் கவிழ்த்தன. மறுநாள் காலை எருமை கொம்பால் பானையைத் தூக்கியபோது, உள்ளே வெள்ளை வெளேரென்று கரையான்! புள்ளி வயிறாரத் தின்றது.

நரிக்கு இது பிடிக்குமா? வந்தது, பானையை ஓங்கி ஓர் உதை விட்டது. பானை சுக்குநூறாகிவிட்டது.

"அடடா, கால் தவறிப் பட்டுடுச்சு! போனா போகுது தங்கச்சி, சோளம் சாப்பிடு!"

புள்ளிக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனாலும் குனிந்து உடைந்த ஓடுகளைப் பொறுக்கியது. ஒவ்வோர் ஓட்டுக்கும் கீழே கொஞ்சம் சாணி, கொஞ்சம் சருகு வைத்தது. ஓரிடத்தில் வந்த கரையான் இப்போது பத்து இடத்தில் வந்தது! அங்கெல்லாம் புள்ளி கிளறிக் கிளறி, நகம் தேய்ந்து, கால் இரும்பானது. கிளறிய மண்ணில் கீரைகூட முளைத்தது.

ஒரு நாள் நரி சோளம் கொண்டுவரவில்லை. மறுநாளும் இல்லை. செவலையும் கரும்பியும் கிளறப் பார்த்தன. வளைந்த நகம் மண்ணில் மாட்டிக் குப்புற விழுந்தன.

மூன்றாம் நாள் நரி வெறும் வாயோடு வந்தது.

"சோளக்காட்டுல காவல் அதிகமாயிடுச்சு. என் குகையில நிறைய சோளம் இருக்கு. வாங்க, விருந்து சாப்பிடலாம்!"

பசியில் இரண்டும் நொண்டிக்கொண்டே கிளம்பின. அடையில் இருந்த புள்ளி கத்தியது.

"அடியே, போகாதீங்கடி! உங்க காலைப் பாருங்க! நொண்டிக்கிட்டே போறீங்க, ஓடி வரணும்னா எப்படி வருவீங்க?"

செவலை நின்று குனிந்து பார்த்தது. பயந்துபோய் ஓரடி பின்வாங்கியது. இனி நடிப்பதில் பயனில்லை என்று நரி அதன்மேல் பாய்ந்தது. செவலை ஓடப் பார்த்துத் தடுக்கி விழுந்தது.

புள்ளி பறந்துவந்து நரியின் முகத்தில் இறங்கியது. பாறை மண்ணையே கிளறிய கால்கள்! மூக்கையும் கன்னத்தையும் பிறாண்டு பிறாண்டென்று பிறாண்டியது. பின்னாலேயே எருமை கொம்பை ஆட்டிக்கொண்டு வந்தது. நரி ஊளையிட்டபடி ஓடியே போனது.

செவலையும் கரும்பியும் தலை குனிந்து நின்றன. "எங்களுக்கும் சொல்லிக் கொடு புள்ளி" என்றது கரும்பி.

"சொல்றதுக்கு என்ன இருக்கு? அந்த ஓட்டுக்குப் பக்கத்துல நின்னு கிளறு. வலிக்கும். வலிச்சாலும் விடாதே!"

சில நாளில் குஞ்சுகள் பொரிந்தன. புள்ளி பானை ஓட்டைப் புரட்டியதும் கரையானை ஓடி ஓடிக் கொத்தின. பிறகு அந்தப் பொடிக் கால்களால் தாமே மண்ணைக் கிளறின.

புதருக்கு வெளியே நரியின் குரல் கேட்டது. "குழந்தைங்களுக்குச் சோளம் கொண்டுவந்திருக்கேன் தங்கச்சி! எனக்கு ஒண்ணும் வேணாம்!"

புள்ளி ஒரு காலை மட்டும் தூக்கிக் காட்டியது. நரி மூக்கைத் தடவிக்கொண்டே சோளத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடியது. கோழிகள் அதைத் தின்னவில்லை. மண்ணைக் கிளறி விதைத்துவிட்டன.

ஓசித் தீனி வயிற்றை நிரப்பிவிட்டுக் காலை வாரிவிடும். தன் தீனியைத் தானே விளைவித்துக்கொள்பவரே சொந்தக் காலில் நிற்பார்.