மௌனம் பயின்றவர்

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் நல்லபெருமாள் என்னும் வைத்தியர் வாழ்ந்தார். முறிந்த எலும்புக்கும் நழுவிய மூட்டுக்கும் கட்டுப் போடுவதில் அவருக்கு நிகர் அவரே. வேலை முடியும்வரை அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் வராது. நோயாளிகள் அந்த அமைதியைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அவருடைய சீடர் அஞ்சலையம்மாள் அவரைவிட வயதில் மூத்தவர். சந்தையில் கத்தரிக்காய் விற்றுக்கொண்டிருந்தவர். வைத்தியரின் கைவண்ணத்தை ஒருநாள் கண்டு வியந்தவர், கடையை மகளிடம் ஒப்படைத்துவிட்டுத் தொழில் கற்க வந்துவிட்டார். கையின் வித்தைகளை விரைவில் கற்றார். மௌனத்தையும் கற்றார். அதுதான் அவருக்குக் கடினமாக இருந்தது.

ஒரு காலையில் அவர் குருவின்முன் வந்து நின்றார்.

“ஐயா, நான் சந்தைக்கே திரும்பிவிடலாம் என்றிருக்கிறேன்.”

“ஏன், அம்மா?”

“நீங்கள் தொடும் இடத்தில் தொடுகிறேன். நீங்கள் இழுப்பதுபோலவே இழுக்கிறேன். உங்களைப் போலவே வாய் திறவாமல் இருக்கிறேன். ஆயினும் என் கை பட்டாலே நோயாளி நடுங்குகிறார். எனக்கும் இந்த வேலையில் துளியும் மகிழ்ச்சி இல்லை. பிழை எங்கே?”

வைத்தியர் விடை சொல்வதற்குள் வாசலில் பெருங்கூச்சல் எழுந்தது. பட்டு வேட்டியும் மாலையுமாக இருந்த ஒரு மணமகனைத் தாங்கிக்கொண்டு கல்யாணக் கூட்டமே உள்ளே நுழைந்தது. மேளக்காரர்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

“தோழர்கள் மாப்பிள்ளையைத் தோளில் தூக்கி ஆடினார்கள், ஐயா! கீழே போட்டுவிட்டார்கள்!” என்று தாய்மாமன் மூச்சிரைத்தார். “வலக்கை தொங்குகிறது. முகூர்த்தமோ நெருங்குகிறது. கையைத் தூக்க முடியாதவன் தாலி கட்டுவது எப்படி?”

வைத்தியர் தோளைத் தொட்டுப் பார்த்தார். முறிவு இல்லை, மூட்டு மட்டுமே நழுவியிருந்தது. அவர் விலகி நின்றார்.

“நீங்கள் பாருங்கள், அம்மா.”

அஞ்சலையம்மாள் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு மணமகனின் கையைப் பற்றி இழுத்தார்.

“இந்த அம்மா ஏன் ஒன்றுமே பேசவில்லை? என் கை போய்விட்டதா, மாமா?” என்று அவன் அலறினான். தசைகள் முறுக்கேறின. மூட்டு அசையவில்லை. அவர் மறுபடியும் இழுத்தார். அவன் போட்ட கூச்சலில் தவில்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

“வைத்தியரே, நீங்களாவது கைவையுங்கள்!” என்றார் தாய்மாமன்.

வைத்தியர் நகரவில்லை.

அஞ்சலையம்மாளுக்குப் பொறுமை போயிற்று.

“அட, சும்மா இரு ராசா! மூன்று முடிச்சில் இரண்டை உன் அக்காள் போடப்போகிறாள். உன் பங்குக்கு ஒரே ஒரு முடிச்சு. அதற்கா இந்த ஒப்பாரி?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“அக்காள் போட்ட முடிச்சு நின்றதே இல்லை, அம்மா!” என்றான் மணமகன், அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவே. “அவள் கட்டும் மாடெல்லாம் அவிழ்த்துக்கொண்டு ஓடிவிடும்!”

“மாடு ஓடினால் பிடித்து வரலாம். நீ ஓடினால்?”

“ஓடினவை எல்லாம் நீ கட்டிய மாடுகளடா!” என்று கூட்டத்திலிருந்து அக்காளின் குரல் வந்தது.

மணமகன் தன்னை மறந்து சிரித்தான். தோள் தளர்ந்தது. அந்தக் கணத்தில் அஞ்சலையம்மாளின் கை திரும்பியது. மூட்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

பெண்கள் குலவையிட்டார்கள். மேளக்காரர்கள் களிப்பு மிகுதியில் கெட்டிமேளமே முழக்கிவிட்டார்கள்.

“இங்கே இல்லையப்பா, மண்டபத்தில்!” என்று தாய்மாமன் கத்தினார்.

அஞ்சலையம்மாள் பேசிக்கொண்டே கட்டுப் போட்டார். “கையை உயரத் தூக்காதே. முடிச்சுப் போடும்வரை பெண் தலையைத் தாழ்த்தட்டும். அதன்பின் நீ தாழ்த்திக்கொள்.”

சிரிப்பும் மேளமுமாகக் கூட்டம் புறப்பட்டுச் சென்றது. அஞ்சலையம்மாளின் முகம் ஒளிர்ந்தது.

“ஐயா! இன்றுதான் இந்த வேலை எனக்கு இனித்தது. ஆனால் உங்கள் மௌனத்தைக் கைவிட்டுவிட்டேனே! எவ்வளவு பாடுபட்டு அதைக் காத்துவந்தேன்! வித்தை முழுவதும் அந்த மௌனத்தில்தானே இருக்கிறது?”

வைத்தியர் தலை குனிந்தார். அவருடைய காதுமடல்கள் சிவந்தன.

“இல்லை, அம்மா,” என்றார். “எனக்குப் பேச வராது.”