காசு கக்கிய தவளை

முன்னொரு காலத்திலே, மலைகள்கூட மந்திரத்துக்குக் கட்டுப்பட்ட காலத்திலே, கொன்றைநாட்டைச் செங்கோடன் என்ற ராஜா ஆண்டான். அவனுக்குச் செலவழிக்கக் கொள்ளை ஆசை. அதைத் தெரிந்துகொண்ட கபாலகேது என்ற மந்திரவாதி ஒரு செப்புத் தவளையோடு வந்தான். "கக்கு!" என்றால் அது பொற்காசு கக்கும். அதில் முதல் பங்கு கபாலகேதுவுக்கு.

"கக்கு!" மாளிகை எழும்பியது. "கக்கு!" மாளிகைக்குள் ஒரு குளம் வந்தது. "கக்கு!" பட்டத்து யானைக்குத் தங்கச் சலங்கை வந்தது.

ஆனால் வயல் எப்போதும்போலத்தான் விளைந்தது. பசு எப்போதும்போலத்தான் கறந்தது. காசு மட்டும் பெருகிப் பெருகிக் குவிந்தது. ஒரு காசுக்கு விற்ற அரிசிக்குப் பத்துக் காசு கேட்டார்கள். பிறகு நூறு கேட்டார்கள்.

கைக்குழந்தைக்காரி சிலம்பாயி, விதைநெல் வாங்க ஆடுகளையெல்லாம் விற்றாள். காசு மூட்டையோடு சந்தைக்குப் போவதற்குள் விலை ஏறிவிட்டது.

"இதுக்கு ஒரு பிடிதான் வரும். நெல்லெல்லாம் கபாலகேது களஞ்சியத்தில் கிடக்கு" என்றார் வியாபாரி.

சிலம்பாயி காசு மூட்டையை அங்கேயே போட்டாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே அரண்மனைக்கு நடந்தாள். காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"அண்ணே, உங்க சம்பளத்தில் உங்க வீட்டு உலை கொதிக்குதா?"

அவன் தலைகுனிந்து வழிவிட்டு, அவள் பின்னாலேயே வந்தான். உள்ளே ராஜாவின் பக்கத்தில் தவளையோடு கபாலகேது நின்றான்.

"மகாராஜா! இந்தத் தவளையை நெல் கக்கச் சொல்லுங்க!" என்று கத்தினாள் சிலம்பாயி.

"நெல் கக்கு!" என்றான் ராஜா. காசு விழுந்தது. "பால் கக்கு!" காசு விழுந்தது. "துணியாவது கக்கு!" காசுதான் விழுந்தது.

"பார்த்தீங்களா? புதுக்காசு முதலில் இந்த மந்திரவாதி கைக்குப் போகுது. பழைய விலைக்கு ஊர் நெல்லையெல்லாம் வாங்கிப் பூட்டிட்டான். எங்க கைக்குக் காசு வரும்போது விலை ஏறிடுது. எங்க உழைப்பைத் திருடிட்டு, அதுக்குச் செல்வம்னு பேரா?"

கபாலகேது மந்திரக்கோலை ஓங்கினான். அதற்குள் அவள் காவலனின் ஈட்டியைப் பிடுங்கித் தவளையை ஓங்கிக் குத்தினாள். தவளை பிளந்தது. அது கக்கிய காசெல்லாம் களிமண்ணானது. கபாலகேது புகையாகிக் காற்றில் கரைந்தான்.

ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்தான். "தாயே, கருவூலத்தில் அசல் பொன் கொஞ்சம் இருக்கிறது. அள்ளிக்கொள்."

"பொன்னைத் தின்னவா? களஞ்சியத்தைத் திறங்க. யார் யார் நெல்லோ, அவங்கவங்களுக்குப் போகட்டும்!"

களஞ்சியம் திறந்தது. அவரவர் நெல் அவரவர் வீடு சேர்ந்தது. மண்காசுக்கு விற்ற ஆடுகள் சிலம்பாயியிடம் திரும்பின, விதைநெல்லும் கிடைத்தது. கடைசிவரை அவள் ராஜாவைக் கும்பிடவே இல்லை.

அந்த வருஷம் கொன்றைநாட்டில் வீட்டுக்கு வீடு சோறு பொங்கியது. கதை கேட்ட உங்கள் வீட்டிலும் பொங்கட்டும்!