கட்டிங் பிளேயரின் சொந்த ஊர்

அம்மையிடம் வருகிறவர்கள் ஏதாவது ஒரு கேள்வியோடு வருவார்கள். பொன்னுரங்கம் ஒரு கட்டிங் பிளேயரோடு வந்தார்.

மலையடிவாரத்தில் நாலு அறை, ஒரு கிணறு, கொஞ்சம் வாழை. அவ்வளவுதான் அந்தக் குடில். அதைப் போய் ஆசிரமம் என்று யாராவது சொன்னால் அம்மைக்குக் கோபம் வந்துவிடும். அம்மைக்கு நாற்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அவரிடம் சீடனாக வந்து சேர்ந்த சென்னியப்பனுக்கு அதைவிடப் பத்து வயதாவது கூட. அம்மை அவனை "அண்ணா" என்றுதான் கூப்பிடுவார். குரு சீடனை அண்ணா என்று கூப்பிடுவதைச் சொல்லி ஊரில் சிலர் சிரித்தார்கள். சென்னியப்பன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தண்ணீர் இறைப்பான், வாழைக்குப் பாத்தி கட்டுவான், சாயங்காலம் கண்ணை மூடி உட்காருவான். எதற்காக வந்தான் என்று அவனும் சொன்னதில்லை, அம்மையும் கேட்டதில்லை.

பொன்னுரங்கம் வந்தது ஒரு மத்தியான வேளை. அறுபதைத் தாண்டிய மனிதர். வெயிலில் நடந்து வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அம்மையைக் கும்பிட்டுவிட்டு, பைக்குள் கையை விட்டு அதை எடுத்துத் தரையில் வைத்தார். மஞ்சள் ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயர்.

"நான் லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவனுங்க. இது என் பையனோடது. தினகர்னு பேரு. ஒரு கான்ட்ராக்டர்கிட்ட கரண்டு வேலை பார்த்தான். வேலைக்குச் சேர்ந்தப்ப நான்தான் இதை வாங்கிக் குடுத்தேன். இருக்கறதுலயே ஒசந்தது எதுன்னு கேட்டு வாங்கினேன்."

"பையன் இப்போ?"

"இல்லீங்க."

சென்னியப்பன் அப்போதுதான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். கொடுக்காமல் அப்படியே நின்றுவிட்டான்.

"லைன்ல கரண்டு நிறுத்தியாச்சுன்னு நெனச்சு இதால வயரைப் பிடிச்சிருக்கான். நிறுத்தல. அந்த மாதிரி நேரத்துக்குத்தானுங்க பிடியில ரப்பரே போடறது. அது காப்பாத்தோணும். காப்பாத்தல."

பொன்னுரங்கம் பிளேயரைப் புரட்டிக் காட்டினார். மஞ்சள் பிடியில் கறுப்பாக 'தினா' என்று எழுதியிருந்தது.

கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர்களிடம் இது ஒரு வழக்கம். வேலை முடிந்ததும் எல்லோருடைய சாமானும் ஒரே சாக்கில் விழும். மறுநாள் எது யாருடையது என்று சண்டை வரும். அதனால் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அவரவர் பெயரைப் பிடியில் சுட்டுவைத்துக்கொள்வார்கள். கரண்டு போகக் கூடாது என்று போட்ட ரப்பரில் தாங்களே பள்ளம் பறிக்கிறோம் என்று யாரும் நினைப்பதில்லை. பொன்னுரங்கமும் நினைக்கவில்லை. மகன் பெயர் அழகாக விழ வேண்டுமே என்று நிறுத்தி, அழுத்தி எழுதினார்.

"வீட்டை விட்டு அவனை எடுக்கறதுக்கு முன்னாலயே என் சம்சாரம் கேட்டுட்டா. நீங்க எழுதின எழுத்து வழியாத்தானே உள்ள போச்சுன்னு. அதுக்கப்புறம் அவ என்கூடப் பேசறதில்லீங்க. சோறு போடுவா. தட்டை வெச்சுட்டுப் போயிருவா."

பிளேயரை மறுபடி தரையில் வைத்தார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போதும். ரப்பரு மொதல்லயே மோசமா, இல்ல நான் எழுதித்தான் கெட்டுச்சா? செஞ்சவங்களுக்குத்தான் அது தெரியும். அதான் இதைச் செஞ்ச எடத்தைத் தேடிக்கிட்டு அலையறேன்."

அலைந்த கதை பெரியது. பிளேயரில் இருந்த கம்பெனிப் பெயர் கிரான்ஸ்டாக். அது வந்த பெட்டியின் மேல் பனிமலைப் படம். பனி விழுகிற ஏதோ ஒரு தேசத்தில் கோட்டுப் போட்ட ஆட்கள் செய்தது என்றுதான் அவரும் நம்பியிருந்தார். கடைக்காரர் சென்னையில் ஒரு கிடங்கைக் கைகாட்டினார். கிடங்குக்காரர் மும்பையைக் கைகாட்டினார். பாஷை தெரியாத ஊரில் ஒரு வாரம் சுற்றிக் கண்டுபிடித்தால், அங்கே இருந்தது ஒரு மாடியறை. இரண்டு பெண்கள் பிளேயர்களைப் பெட்டிக்குள் போட்டு, பனிமலைப் படத்தை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மூலையில் கிடந்த மூட்டையில் கோயம்புத்தூர் என்று எழுதியிருந்தது. கடைசியில் பார்த்தால், வேலைக்குப் போன நாளெல்லாம் அவர் பஸ்ஸில் தாண்டிப் போன பட்டறை அது. இப்போது பூட்டிக் கிடக்கிறது. எதிரே டீக்கடை வைத்திருப்பவர்தான், அங்கே வேலை பார்த்த ஒருவர் இந்தக் குடிலில் இருப்பதாகச் சொல்லி அனுப்பினாராம்.

சென்னியப்பனுக்கு அந்தப் பட்டறை தெரியும். ஒரே உலை, ஒரே இரும்பு, ஒரே அச்சு. சிவப்புப் பிடி மாட்டினால் ஒரு கம்பெனி, நீலப் பிடி மாட்டினால் இன்னொரு கம்பெனி. கடைசியாகப் பெயரைக் குத்தும்போதுதான் அது எந்த நாட்டுச் சாமான் என்பதே முடிவாகும். அதைச் சொல்லி எல்லோரும் டீ குடிக்கும்போது சிரித்ததுகூட உண்டு.

"அண்ணா, நீங்கதானே அங்க இருந்தீங்க. பாருங்க" என்றார் அம்மை.

சென்னியப்பன் சொம்பை வைத்துவிட்டுப் பிளேயரை எடுத்தான். இரண்டு தாடையும் சேருகிற ஆணிக்குப் பக்கத்தில் விரலால் தடவினான். பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. மூன்று புள்ளி, விரலுக்கே தெரிந்தது.

"கண்ணாடி எடுத்துட்டு வர்றேனுங்க" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனான். பிளேயர் அவன் கையிலேயே இருந்தது.

அம்மை பின்னாலேயே வந்தார்.

"கண்ணாடி பாக்கெட்ல இருக்குதுங்கண்ணா."

சென்னியப்பன் துவைகல்லில் உட்கார்ந்தான்.

"இந்த மூணு புள்ளி என்னோடதுங்கம்மா. டெஸ்ட் பண்றதுதான் அங்க என் வேலை. பிடியைத் தண்ணித் தொட்டியில முக்கி, மேல இரும்புல வோல்டேஜ் விட்டுப் பார்க்கோணும். ரப்பர் தாங்குனா என் புள்ளியை அடிச்சு அனுப்புவேன். ஆளுக்கு ஒரு அடையாளம், எனக்கு மூணு புள்ளி."

"இதைப் பார்த்தீங்களா?"

"இல்லீங்க. அந்த வாரம் மெஷின் எரிஞ்சு கெடந்துச்சு. லாரி வாசல்ல நிக்குது, மொதலாளி சத்தம் போடறாரு. கிரான்ஸ்டாக்குன்னு பேர் போட்டு நாங்க செஞ்சது அந்த ஒரு லாட்டுத்தான். மொத்தத்துக்கும் புள்ளி அடிச்சு ஏத்தி விட்டுட்டேன்."

சென்னியப்பன் அந்த மூன்று புள்ளியையும் கட்டைவிரலால் மூடிக்கொண்டான்.

"அதுக்கப்புறம் எங்க ஒருத்தன் கம்பத்துல ஏறினாலும் என்னால பார்க்க முடியாதுங்க. வேலையை விட்டேன். இங்க வந்து உக்காந்தா மனசுல இருக்கற பாரம் எறங்கும்னு நெனச்சேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ரப்பர் மோசம்னு அவர்கிட்டச் சொல்லிடறேனுங்கம்மா. பழி எனக்கே இருக்கட்டும். அந்தப் பொம்பள அவர்கூடப் பேசட்டும்."

"மோசமா?"

"அது எப்படிங்க தெரியும்? நல்லதாவும் இருந்திருக்கலாம். எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டுதான் தேறாமப் போகும்."

"அப்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க."

"ஐயோ, அப்படிச் சொன்னா அவர் உயிரோட இருக்க மாட்டாருங்க."

அம்மை கயிற்றைப் பிடித்து ஒரு வாளி தண்ணீர் இறைத்தார். அதைத் தூக்கிவந்து சென்னியப்பன் காலடியில் வைத்தார்.

"டெஸ்ட் பண்ணுங்கண்ணா."

அவன் வாளியைப் பார்த்தான். அம்மையைப் பார்த்தான்.

"இப்பப் பண்ணி என்னங்க ஆகும்? மெஷினே இருந்தாலும் ஆகாது. மேல எழுத்து விழுந்துருச்சு. கரண்டும் ஒருதரம் பாஞ்சுருச்சு. அன்னிக்கு எப்படி இருந்துச்சுன்னு இனி எதாலயும் சொல்ல முடியாது."

"அன்னிக்குப் பண்ணியிருந்தா?"

"தெரிஞ்சிருக்கும்."

அம்மை வாளித் தண்ணீரை வாழைக்கு ஊற்றிவிட்டு உள்ளே போனார்.

சென்னியப்பன் எழுந்திருக்க நேரமாயிற்று. திரும்பி வந்தபோது பொன்னுரங்கம் அதே இடத்தில், சொம்பைத் தொடாமல், வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். இவனைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளையின் முகம் அது.

"இது எங்க பட்டறையில செஞ்சதுதானுங்கய்யா. இந்தா பாருங்க, இந்த மூணு புள்ளி நான் அடிச்சது. டெஸ்ட்ல தேறிடுச்சுங்கறதுக்கு அடையாளம்."

பொன்னுரங்கத்தின் முகம் செத்துவிட்டது.

"அப்ப தேறிடுச்சா" என்றார், மெல்ல.

"இல்லீங்க. டெஸ்ட் பண்ணாமயே புள்ளி அடிச்சேன்."

பொன்னுரங்கம் சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப ரப்பர்தான் மோசம். அப்படித்தானே? ரப்பர்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல சென்னியப்பனுக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்லி முடியாது. அந்தக் கை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தது.

"தெரியாதுங்கய்யா."

"நான் எழுதினதாலயா?"

"அதுவும் தெரியாதுங்க. நான் அன்னிக்குப் பார்த்திருந்தா இன்னிக்கு உங்களுக்குச் சொல்லியிருப்பேன். பார்க்கல. இனி இந்த உலகத்துல யாரும் அதைச் சொல்ல முடியாதுங்க. அதைக் கெடுத்தது நான்தான்."

பொன்னுரங்கம் கையை விட்டார். பிளேயரைப் பிடுங்கி ஓங்கினார். சென்னியப்பன் நகரவில்லை. அம்மையும் எழுந்து வரவில்லை. ஓங்கிய கை அப்படியே தணிந்து மடியில் விழுந்தது.

"இதுக்கா நான் மும்பை வரைக்கும் போனேன்" என்றார். பிறகு அழுதார். மகன் போன அன்றைக்கு அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதார். சென்னியப்பனுக்கும் கண்ணீர் வந்தது, ஆனால் அந்த மனிதர் முன்னால் தான் அழுவது தப்பு என்று தோன்றியதால் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நெடுநேரம் கழித்துப் பொன்னுரங்கம் கண்ணைத் துடைத்தார்.

"நீங்க இப்பச் சொன்னதை எங்க வீட்ல வந்து சொல்லுவீங்களா?"

"வர்றேனுங்கய்யா."

"ரப்பர் மோசம்னு சொல்ல வேண்டாம். இதையேதான் சொல்லோணும். தெரியாதுன்னு."

"சரிங்க."

"அவ அடிச்சாலும் அடிப்பா."

"அடிக்கட்டுங்க."

பொன்னுரங்கம் பிளேயரைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அம்மையைக் கும்பிட்டுவிட்டு, ரோட்டில் போய் பஸ்ஸுக்கு நின்றார். சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டான். அம்மையின் முன்னால் வந்து நின்றான். போக மனமில்லாமல் நின்றான்.

"மறைக்காமச் சொல்லிட்டேனுங்கம்மா. சொன்னா பாரம் எறங்கிடும்னு சொல்லுவாங்க. எனக்கு எறங்கவே இல்லீங்க. முன்னைக்கு இப்பத்தான் அதிகமா அழுத்துது."

அம்மை அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"எப்படிங்கண்ணா எறங்கும்? இன்னிக்குத்தானே அது உங்க கைக்கே வந்திருக்குது. போயிட்டு வாங்க."