காற்றுக்கு இருபத்திரண்டு

டாக்டர் ரங்கபாஷ்யம் ஆறடி மூன்று அங்குலம். அவருடைய பெயர் அதைவிட உயரம். இதயத்துக்குள் குழாய் செலுத்தி, அழுத்தம் இவ்வளவு என்று அவர் சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது.

அன்று மேசையில் படுத்திருந்தவர் பஸ் கண்டக்டர் சவரிமுத்து. திரையில் அவருடைய நுரையீரல் ரத்த அழுத்தம் நாற்பத்தெட்டு.

"இந்த அளவுக்கு ஆபரேஷன் தாங்காது. வால்வு மாத்த முடியாதுன்னு எழுதும்மா" என்றார் டாக்டர்.

டெக்னீஷியன் மரகதம் எழுதவில்லை. "அளவு தப்புன்னு தோணுது சார்."

"வெளிநாட்டு மெஷின் தப்பு, நீ சரியா? ஒரு பட்டனையும் தொடாம நிரூபி. முடியலேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

மரகதம் குழாயில் நோயாளி பக்கத்துத் திருகை மூடினாள். மெஷினுக்குப் போகும் நீர் நிரம்பிய குழாயைக் கழற்றி, திறந்த முனையைச் சவரிமுத்துவின் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தாள். பூஜ்யம் காட்ட வேண்டிய திரை இருபத்திரண்டு காட்டியது.

"வெறும் காத்துக்கே இருபத்திரண்டு இருக்கு சார். இதுக்கும் ஆபரேஷன் தாங்காதுன்னு எழுதிடட்டுமா?"

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். குழாயின் மறுமுனையில் இருந்த அழுத்தமானி, மேசையோரக் கம்பத்தில் பழைய இடத்திலேயே இருந்தது. மேசை மட்டும் ஓர் அடி உயர்ந்திருந்தது. குழாயில் அந்த ஓர் அடி நீரின் எடையும் அளவில் சேர்ந்துகொண்டிருந்தது. மரகதம் மானியை நெஞ்சு மட்டத்துக்கு ஏற்றி, குழாயை மறுபடி இணைத்ததும் நாற்பத்தெட்டு இருபத்தாறாக இறங்கியது. ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்று.

"மேசையை இவ்வளவு உயரம் ஏத்தின முட்டாள் யாரு?" என்று கர்ஜித்தார் டாக்டர். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

சவரிமுத்து படுத்தபடியே பதில் சொன்னார்: "நீங்கதான் சார். குனிஞ்சா இடுப்பு வலிக்குதுன்னீங்களே."