வண்டி ஆறட்டும்

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு ஐம்பத்தேழு. இதில் இருவருக்குமே வெட்கமில்லை.

குருவின் பெயர் கோகிலவாணி. கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளியில், எழுபது கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்குச் சற்று முன்னால் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்தாள். ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டன்று தன்னிடம் வரும் வண்டிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு மலையேறுவாள். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. முந்தின நாளே வண்டி பட்டறைக்கு வந்துவிட வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியை அவளே திறந்து உள்ளே பார்ப்பாள். பார்க்காத வண்டி மலையேறாது.

இந்த நிபந்தனை வந்ததே செங்கோடனால்தான். அவர்தான் நம் சீடர்.

நாமக்கல்லிலிருந்து கேரளாவுக்கு முப்பது வருஷம் முட்டை லாரி ஓட்டியவர். லாரியை விட்டு இறங்கியபோது அவரிடம் இரண்டு சேர்ந்திருந்தன. ஒன்று சர்க்கரை நோய். இன்னொன்று பெரிய மோட்டார் சைக்கிள் மேல் ஆசை. முதலாவது தானாக வந்தது. இரண்டாவதைத் தேடிப் போய் வாங்கினார்.

போன ஆடியில் நாற்பத்திரண்டாவது வளைவில் அவர் வண்டியின் சூட்டு விளக்கு சிவப்பாக எரிந்தது. நிறுத்தி இறங்கியவருக்குக் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டியது. சர்க்கரை ஏறக் கூடாதென்று காலையில் ஒன்றும் சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு வந்திருந்தார். யாரோ சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். பிறகு அவரும் வண்டியும் ஒரே குட்டி யானை மினி லாரியில், வாழைத்தார்களுக்கு நடுவே, நாமக்கல் போய் இறங்கினார்கள். தெருவே வெளியே வந்து பார்த்தது. மனுஷனுக்கு அது இன்னும் ஆறவில்லை.

அவர் மனைவி வசந்தாமணி அன்றே சொல்லிவிட்டார். "இனி வெறும் வயித்துச் சர்க்கரை நூத்திப் பத்துக்குள்ள இருந்தாத்தான் மலை. இல்லாட்டி வண்டியை வித்துப்போடுவேன்."

ஆடிப் பதினேழு காலை ஒன்பது மணிக்கு செங்கோடன் பட்டறைக்குள் வண்டியை விட்டார். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே பேசத் தொடங்கிவிட்டார்.

"அம்மணி, இந்த வருசம் எழுபதும் நம்மளுதுங்க."

கோகிலவாணி எஞ்சின் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோனாள்.

"வண்டி ஆறட்டும்ங்ணா."

"ஆறட்டும், ஆறட்டும். அதுக்குள்ள இதப் பாருங்க."

சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினார். ரத்தப் பரிசோதனை முடிவு.

"வெறும் வயித்துல தொண்ணூத்தெட்டு. வசந்தாமணி கண்ணாடி போட்டு ரெண்டு தடவ படிச்சுப் பாத்தா. வாயே தொறக்கலீங்க."

"என்ன சாப்பிட்டீங்க?"

"டெஸ்டுக்கு முன்னால நாலு நாள் வெள்ளரிக்காயும் மோரும்தான். சத்தியமா வேற ஒண்ணும் தொடலீங்க."

"அதுக்கு முன்னால?"

"அது முன்னாலதானுங்க."

"டெஸ்ட் முடிஞ்சதும்?"

செங்கோடன் சிரித்தார். "லேபுக்கு எதுத்தாப்பலயே புரோட்டாக் கடை இருக்குதுங்க."

கோகிலவாணி தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் விடவில்லை.

"இந்த டாக்டரு இருக்காரே, மூணு மாசச் சராசரி எடுக்கோணும்னு நிக்கறாருங்க. எனக்குப் புரியவே இல்ல. அளவு காட்டற எடத்துல சரியாக் காட்டுது. அதுக்கு மேல என்னத்தங்க பாக்கறது?"

"வண்டியில பக்கத்து டப்பா எப்படி இருக்கு?"

ரேடியேட்டரோடு குழாயால் சேர்ந்திருக்கும் சின்ன பிளாஸ்டிக் டப்பா அது. உள்ளே எவ்வளவு இருக்கிறதென்று வெளியிலிருந்தே தெரியும்.

"மேல் கோட்டுலயே நிக்குதுங்க. நானே ஸ்கெட்ச் பேனாவுல கோடு போட்டு வெச்சிருக்கேன். மூணு மாசமா ஒரு நூல் எறங்கல."

"ஏறவும் இல்லையா?"

"ஏறவும் இல்ல."

"ஓட்டிட்டு வந்து நிறுத்துன உடனே?"

"அப்பவும் அதே கோடுதான். அப்படி வெச்சிருக்கேன் வண்டிய."

அவள் வண்டியையே சற்று நேரம் பார்த்தாள்.

"ஆறட்டும்."

அன்று செங்கோடனுக்குக் காத்திருப்பதைப் போல ஒரு தண்டனை வேறில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், எஞ்சினைத் தொட்டுக் கையை உதறினார். முன்பே வந்து ஆறியிருந்த வண்டிகளை கோகிலவாணி ஒவ்வொன்றாகத் திறந்தாள். உள்ளே விளிம்பு வரை, எஞ்சின் சூட்டைத் தணிக்கும் கூலண்ட் பச்சையாகத் தெரிந்ததும் டேங்கின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். ஒவ்வொரு கோட்டுக்கும் பட்டறையில் கைதட்டல் எழுந்தது. எல்லாரையும்விட உரக்கத் தட்டியவர் செங்கோடன்தான்.

பதினொன்றரைக்கு அவர் முறை வந்தது.

மூடியின் மேல் துணியைப் போட்டு அழுத்தித் திருகினாள். உள்ளே டார்ச் அடித்தாள். பிறகு டார்ச்சை அவரிடமே கொடுத்தாள்.

"நீங்களே பாருங்ணா."

பச்சை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. கீழே, வெகு கீழே, ரசத்தின் அடியில் தங்கும் மண்டி போல ஏதோ பழுப்பாகத் தெரிந்தது. ஓரமெல்லாம் வெந்நீர் அண்டாவில் படியும் வெள்ளை உப்பு.

செங்கோடன் குனிந்து டப்பாவைப் பார்த்தார். அது மேல் கோட்டில் நின்றது. மறுபடி ரேடியேட்டருக்குள் பார்த்தார்.

"டப்பா நெறையத்தானே இருக்குதுங்க?"

"கூலண்ட் எங்கங்ணா?"

"பழசாப் போச்சுன்னு மூணு மாசத்துக்கு முந்தி நானே வடிச்சுப்போட்டு, வீட்டு போர்த் தண்ணிய ஊத்துனேன். முப்பது வருசம் லாரிக்கு நான் ஊத்தாத தண்ணியா?"

கோகிலவாணி மூடியைத் திருப்பிக் காட்டினாள். உள்ளே ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது.

"சூட்டுல தண்ணி டப்பாவுக்குப் போகும். ஆறினா திரும்பி உள்ள வரும். இந்த ரப்பர் போயிருச்சு. தண்ணி டப்பாவுக்கே போகாம மூடி வழியா ஆவியாப் போயிருக்கு."

"அப்ப தெனமும் நான் பாத்தது?"

"டப்பாவைப் பாத்தீங்க."

செங்கோடனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. தாளை எடுக்கவில்லை. பை வழியாக அதை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

டார்ச்சை அணைத்து அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"ஊத்திக் குடுத்துருங்க அம்மணி. நாளைக்குப் போகோணும்."

"கழுவாம ஊத்த முடியாதுங்ணா. நல்ல தண்ணி ஊத்தி, ஓடவிட்டு, ஆறவெச்சு, வடிக்கணும். தெளிவா வர்ற வரைக்கும்."

"எத்தன தடவ?"

"வடிச்சாத்தான் தெரியும்."

முதல் தடவை வடித்தாள். கீழே வைத்த தட்டில் காபி நிறத்தில் வந்து விழுந்தது. செங்கோடன் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்கவே பாவமாக இருந்தது. பிறகு கையை நீட்டினார்.

"உங்க ஸ்கூட்டர் சாவியக் குடுங்க."

எங்கே என்று அவள் கேட்கவில்லை. கொடுத்தாள். சேந்தமங்கலம் பக்கம் போகும் சத்தம் கேட்டது.

அவர் திரும்பி வந்தபோது மணி நாலு. முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. வந்து வண்டிக்குப் பக்கத்தில் குந்தினார். மூன்றாவது தடவை வடித்த தண்ணீர் தட்டில் இருந்தது. தட்டின் அடியில் பொறித்திருந்த எழுத்துகூடப் படிக்க முடிந்தது.

புது மூடி பக்கத்தில் காத்திருந்தது. அவள் பச்சையை ஊற்றினாள். மூடாமலேயே எஞ்சினைக் கிளப்பினாள்.

"அந்த ஓஸ் குழாயப் பிடிச்சு அமுக்கி விடுங்ணா. காத்து வெளிய வரணும்."

அமுக்கினார். பளக் என்று ஒரு குமிழி மேலே வந்து வெடித்தது. மட்டம் சரேலென்று இறங்கியது. அவள் ஊற்றினாள். அவர் மறுபடி அமுக்கினார். இன்னொரு குமிழி. கால் மணி நேரத்தில் மனுஷனுக்கு முகம் தெளிந்துவிட்டது.

"வருது, இன்னும் வருதுங்க. எவ்வளவு காத்து பாருங்க உள்ள."

அப்போது அவர் போன் சிணுங்கியது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பினார். டாக்டர் அனுப்பியிருந்த மூன்று மாதச் சராசரி. ஏழுக்குள் இருக்க வேண்டியது ஒன்பது புள்ளி ஆறு.

அவள் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"இதுலயே எழுதியிருக்காருங்க. திங்கக்கெழம வரச் சொல்லியிருக்காரு. மாத்திரையப் போட்டுட்டுப் பட்டினி கெடக்கக் கூடாதாம். மலைக்குப் போனா நிறுத்தி நிறுத்தி, சாப்புட்டுச் சாப்புட்டுப் போகோணுமாம்." போனைப் பைக்குள் வைத்தார். "நாளைக்கு நான் வரலாமுங்களா?"

"வசந்தாமணியக்காகிட்ட கேளுங்க."

"அவகிட்டத்தான் தொண்ணூத்தெட்டக் காட்டிப்போட்டேனே."

"இப்ப இது இருக்குல்ல."

அவள் புது மூடியை வைத்துத் திருகினாள். டேங்கின் மேல் சாக்பீஸ் கோடு போட்டாள். யாரும் கைதட்டவில்லை. தட்ட வேண்டியவர் பழைய மூடியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆடிப் பதினெட்டு, காலை ஆறு மணி. அடிவாரத்தில் ஏழு வண்டிகள் உறுமிக்கொண்டு நின்றன. ஆறு மணி என்றால் ஆறு மணிக்கே கிளம்பிவிடும் கோகிலவாணி கிளம்பவில்லை. சாலையைப் பார்த்தாள். கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள்.

ஆறே கால்.

"அவரு வரமாட்டாருக்கா," என்றான் ஒருவன். "வீட்டுல வண்டிய வித்திருப்பாங்க."

ஆறு இருபதுக்கு அந்தச் சத்தம் கேட்டது. வளைவில் விளக்கு தெரிந்தது. செங்கோடன். அவருக்குப் பின்னால், ஹெல்மெட்டும் சுங்குடிச் சேலையுமாக, மடியில் டிபன் கேரியரை அணைத்துக்கொண்டு வசந்தாமணி.

கூட்டம் ஹோவென்று கத்தியது.

வசந்தாமணி இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே கோகிலவாணியிடம் சொன்னார். "நேத்து முழுசாச் சொல்லிப்போட்டாரு அம்மணி. புரோட்டாக் கடை வரைக்கும். திட்டித் திட்டி எனக்குத் தொண்டை கட்டிருச்சு."

"அப்புறம்?"

"காலைல சோளத் தோசையும் முட்டையும் குடுத்து, தின்னு முடிக்கற வரைக்கும் பக்கத்துல நின்னேன். குட்டி யானையில வர்றதா இருந்தா இந்தத் தடவ நானும் கூடவே வர்றேன்."

கோகிலவாணி செங்கோடனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் கை ஆக்ஸிலேட்டரை விடவில்லை.

"என் பின்னாலயே வாங்ணா," என்றாள்.

வண்டிகள் ஏறின. ஒவ்வொரு வளைவுக்கும் வசந்தாமணி உரக்க எண்ணினார். தொண்டை கட்டியவர் என்று யாரும் நம்பமாட்டார்கள். இருபதில் நிறுத்தினார்கள். முப்பத்தைந்தில் நிறுத்தினார்கள். கேரியரின் ஒரு அடுக்கு காலியானது. கீழே வயல்கள் சின்னச் சின்னதாகிக்கொண்டே வந்தன. காற்றில் மிளகுக் கொடியும் ஈர மண்ணும் மணத்தன.

"நாப்பது. நாப்பத்தொண்ணு."

செங்கோடன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ரேடியேட்டர் விசிறி விர்ரென்று சுற்றத் தொடங்கியது. சூட்டு விளக்கையே ஒரு கண்ணால் பார்த்தார். விளக்கு எரியவில்லை. கையைப் பார்த்தார். கை நடுங்கவில்லை.

"நாப்பத்திரண்டு," என்று வசந்தாமணி அவர் முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

போன வருஷம் அவர் சாய்ந்து கிடந்த தடுப்புச் சுவர் பக்கத்தில் வந்தது, பின்னால் போயிற்று. செங்கோடனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைக்கக் கையெடுக்க முடியாமல் அப்படியே ஓட்டினார்.

எழுபதாவது வளைவில் எல்லாரும் ஹாரனை அழுத்தினார்கள். மலையே அலறியது.

மேலே அன்னாசிக் கடை ஓரமாக வண்டிகளை நிறுத்தினார்கள். யார் யாரோ செங்கோடனைக் கட்டிப்பிடித்தார்கள். அவர் விலக்கிக்கொண்டு நேரே தன் வண்டிக்கு ஓடிக் குனிந்தார்.

"அம்மணி, இங்க வாங்க. டப்பாவுல கோட்டுக்கு மேல ஏறியிருக்குதுங்க. ஒரு வெரக்கடை இருக்கும்."

கோகிலவாணி வந்து பார்த்தாள்.

"அப்ப நான் தேறிட்டேன்னு வெச்சுக்கலாமுங்களா?"

"வண்டி ஆறட்டும்ங்ணா."

வசந்தாமணி கேரியரின் அடுத்த அடுக்கைத் திறந்தார். எல்லாரும் மிளகாய்ப்பொடி தூவிய அன்னாசியை அள்ளிக்கொண்டிருந்தார்கள். செங்கோடன் மனைவியைப் பார்த்தார். வசந்தாமணி இரண்டு துண்டு எடுத்து அவர் தட்டில் வைத்துவிட்டு மிச்சத்தைத் தள்ளி வைத்தார். அவர் அதைத் தின்றபடியே வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் டிக், டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது.

மற்றவர்கள் அருவிக்குப் போனார்கள். கூப்பிட்டார்கள். அவர் நகரவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து அவர் போட்ட சத்தத்தில் அன்னாசிக்காரி கத்தியைக் கீழே போட்டுவிட்டாள்.

"எறங்குதுங்க அம்மணி. உள்ள போகுது. பாருங்க, என்ர கோட்டுக்கே வந்துருச்சு."

கோகிலவாணி கையுறையை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்கும் பாருங்ணா."