பத்தாயிரம் வருஷக் காவலாளி

மருதங்கோட்டையில் ராஜாவும் இருந்தார், அணு உலையும் இருந்தது. எப்படி என்று கேட்காதீர்கள், இந்தக் கதையில் அப்படித்தான். அந்த உலையின் தயவில் நாடெங்கும் விளக்கு எரிந்தது. ராஜா வீரகேசரியின் சிம்மாசனத்துக்கு மேலே மட்டும் ஏழு மின்விசிறி.

ஒருநாள் உலையிலிருந்து ஓலை வந்தது. எரிந்து தீர்ந்த எரிபொருளைப் போட்டு ஆறவைக்கும் குளம் நிரம்பிவிட்டதாம். சூடு ஆறினாலும் அதன் கதிர்வீச்சு அடங்கப் பல்லாயிரம் வருஷம் ஆகுமாம். இனி எங்கே வைப்பது?

"இதற்கா யோசனை?" என்றார் அமைச்சர் தாண்டவராயர். "முத்துத்துறைக் கடற்கரையில் மணலைத் தோண்டிப் புதைத்துவிடலாம். அரண்மனைக்கு ரொம்ப தூரம்!"

சபையில் ராஜாவைச் சிரிக்கவைக்கும் சொக்கநாச்சிக்குச் சிரிப்பே வரவில்லை. சட்டென்று எழுந்தாள்.

"மகாராஜா, அங்கே முந்நூறு மீனவக் குடும்பம் இருக்கு. மணல்ல தண்ணி ஊறும். ஊறின நஞ்சு நேரா அவங்க கிணத்துக்குப் போகும்!"

"வேறு எங்கே வைத்தாலும் காவல் வேண்டுமே," என்று அமைச்சர் மீசையைத் தடவினார். "தூங்காத, லஞ்சம் வாங்காத, சாகாத காவலாளி. பத்தாயிரம் வருஷம் நிற்கணும். நாச்சியம்மா பிடித்துத் தரட்டும். ஏழு நாளில் முடியாவிட்டால் மணல்தான்."

ராஜாவுக்கு இது பிடித்துப்போனது. "அப்படியே ஆகட்டும்!"

நாச்சி ஆறு நாள் அலைந்தாள். சேனாபதியின் வீரர்களைப் பார்த்தாள்; நின்றபடியே குறட்டை விட்டார்கள். சாமியார்களைப் பார்த்தாள், முதலில் தட்சணை எவ்வளவு என்றார்கள். கால் ஓய்ந்து கருமலை அடிவாரத்தில் உட்கார்ந்தாள். அங்கே சுரங்கம் வெட்டும் இருளாண்டி தலையில் தூசியோடு மேலே வந்தார்.

"என்ன தாயி, முகம் வாடிக் கெடக்கு?"

அவள் கதையைச் சொன்னாள். பேச்சை மாற்ற, "கீழே தண்ணி தொந்தரவு உண்டா?" என்று கேட்டாள்.

"தண்ணியா? ஐந்நூறு கஜம் இறங்கியாச்சு. இருவது வருஷமா ஒரு சொட்டு கசியல. பாறை அசைஞ்சதும் இல்ல. எங்க தாத்தன் காலத்துலயும் இப்படித்தான் நின்னுச்சாம்."

நாச்சி துள்ளி எழுந்தாள். அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினாள். இருளாண்டி பயந்தே போனார்.

ஏழாம் நாள் காலை சபைக்குள் ஒரு பல்லக்கு வந்தது. எட்டுப் பேர் மூச்சுத் திணறத் தூக்கி வந்தார்கள். நாச்சி திரையை விலக்கினாள். உள்ளே பெரிய கருங்கல், தலையில் சிவப்புத் தலைப்பாகையோடு!

சபை குலுங்கியது. "இதுவா காவலாளி?" என்றார் ராஜா.

"ஆமாம் மகாராஜா. சோதிச்சுப் பாருங்க. லஞ்சம் வாங்குதான்னு அமைச்சரே பார்க்கட்டும்."

ராஜா கண்ணைக் காட்ட, அமைச்சர் வேறு வழியில்லாமல் தன் வைர மோதிரத்தைக் கல்லின் முன் நீட்டினார். கல் வாங்கவில்லை. கையை நீட்டியபடியே அவர் நின்றதைப் பார்த்துச் சேனாபதிக்கு விக்கலே வந்துவிட்டது.

"வயது?"

"நூறு கோடிக்கு மேல, மகாராஜா. இதுவரை ஒரு தடவைகூடக் கண் அசந்ததில்ல. இது கைக்குழந்தை. குடும்பம் முழுக்க கருமலைக்குக் கீழே நிக்குது. கழிவைக் கெட்டிச் செப்புப் பெட்டியில அடைச்சு, சுற்றிக் களிமண் திணிச்சு, ஐந்நூறு கஜம் கீழே அதுங்க மடியில வச்சிடலாம். தண்ணியும் எட்டாது, திருடனும் எட்டமாட்டான்."

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடேயப்பா! நடக்கும் போலிருக்கே!"

அமைச்சருக்குக் காது சிவந்தது. "மகாராஜா, அவமானம்! ஒரு கல்லை நம்பி நாட்டைக் கொடுப்பதா? அதற்குக் காது உண்டா? வாய் உண்டா? மூளைதான் உண்டா?"

நாச்சி பணிவாகக் கும்பிட்டாள்.

"இல்லைங்க ஐயா. இது மூணும் உள்ளவர்கிட்டதான் முதல்ல யோசனை கேட்டோம். மணல்ல புதைக்கச் சொன்னார்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் உருண்டு பல்லக்குக்குள் விழுந்தது. கழிவு கருமலைக்குப் போனது. வேலைக்குத் தலைவர் இருளாண்டி. நாச்சிக்குப் பட்டும் முத்துமாலையும் கிடைத்தன. முத்துத்துறைக்காரர்கள் ஒரு படகு நிறைய மீன் அனுப்பினார்கள். அதை ஆய்ந்து முடிக்க அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று.